உது

மண்டபத்தில் எங்கள் ஆபீஸ் மாடிக்கு
ரெண்டு ஜன்னல்.
ஒன்றில் வடகடல், மற்றதில் தென்கடல்.
கணினியும் அப்படித்தான்.
வெளியே விண்டோஸ் வெளிச்சமாய் விரிந்து கிடக்க
அதன் வயிற்றுக்குள் ஒரு கறுப்புத் திரை
தன்னை யுனிக்ஸ் என்று நம்பிக் கண் சிமிட்டும்.

கறுப்புத் திரையில் ஒரு சுட்டி வைத்தேன்.
பெயர்: இன்றைய வரத்து.
அம்புக்குறி நீண்டு போய்த் தொட்ட இடத்தில்
காரல் நானூறு கிலோ, சூடை, கணவாய்,
நண்டு மட்டும் தனிக் கணக்கு.
திறந்தால் திறந்தது.
எதைத் திறந்தேன் என்று
நான் கேட்டதில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு
ராமேஸ்வரத்திலிருந்து லூர்தம்மாள்:
“என்னத்த சார் அனுப்பிருக்கீங்க?
உள்ள மீனே இல்ல.
முதல்ல ஒரு ஆச்சரியக்குறி,
அப்புறம் அட்ரஸ் மாதிரி ஒரே ஒரு வரி.”

நோட்பேடில் திறந்திருக்கிறார்.
அங்கே சுட்டி எதையும் சுட்டவில்லை,
தன்னை வாய்விட்டு வாசித்திருக்கிறது.
‘சிஸ்டம்’ என்று அதன் நெற்றியில் ஒரு பொட்டு.
அது இருந்தவரை வழி.
மின்னஞ்சலில் ஏறும்போது பொட்டு கலைந்து
வெறும் எழுத்து.
விலாசத்தை அனுப்பிவிட்டு
வீட்டையே அனுப்பியதாய்
நிம்மதியாக பரோட்டா தின்றிருக்கிறேன்.

வேறொரு முனையம் இறக்கினேன்.
அதுவும் யுனிக்ஸ் மாதிரிதான்.
சுட்டு என்றேன். முணுமுணுக்கவில்லை.
எட்டு நாள் கழித்துத் தெரிந்தது,
சுட்டச் சொன்னதை
நகலெடுத்து வைத்திருக்கிறது கமுக்கமாக.
இந்தப் பக்கம் கணவாய் தொண்ணூறு
அந்தப் பக்கம் போன திங்கட்கிழமையின் நாற்பது
ரெண்டும் ஒரே பெயரில்.
சிராஜுத்தீன் சார் ரெண்டையும் அச்செடுத்து
மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.
ஒன்றும் பேசவில்லை.
டீ சொன்னார். ஒன்று.

“இறுக்கிக் கட்டுங்கோ” என்றாள் தர்ஷிகா.
முகாமிலிருந்து வருகிறவள்.
எடைச்சீட்டை ஏற்றுவது அவள் வேலை,
என் பிழைகளைப் பார்ப்பது பொழுதுபோக்கு.
வன்சுட்டியைச் சொல்கிறாள்:
ஒரே உடம்பு, ரெண்டு பெயர்,
எது அசல் என்ற கேள்வியே கிடையாது.
ஒரு பெயரை அழித்தாலும்
மறு பெயரில் மூச்சு இருக்கும்.
கட்டினேன். நின்றது.
அதே கையோடு டி டிரைவுக்கும் கட்டப் போனேன்.
வட்டு தாண்டிச் செல்லாது
என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது.

“அது எனக்குத் தெரியும்” என்றாள்.
அம்மாவுக்கு முகாம் அட்டையில் ஒரு பெயர்
பேசாலைக் கோயில் ஏட்டில் ஒரு பெயர்
ரெண்டும் ஒரே ஆள் என்று எழுதித்தர
எந்தக் கவுண்டரிலும் ஆள் இல்லை.
சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.
சீலா, பதினொரு கிலோ.

ஆனி முடிந்து கோப்புறைப் பெயரை மாற்றினேன்.
என் முதல் சுட்டி திசை தெரியாமல் நின்றது.
பட்டியல் போட்டால் சிவப்பில் எரியும்.
அழிக்கப் போனேன்.
“உதை அழிச்சுப்போடாதேங்கோ.”
எதை?
“உதைத்தான்.”

அ, இ, உ.
எட்டாம் வகுப்பில் சுட்டெழுத்து மூன்று.
அது அங்கே, இது இங்கே.
மூன்றாவதை ரெண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு
அதைக்கொண்டு எதையும் காட்டாமலே
முப்பத்தாறு வயதாகிவிட்டது எனக்கு.
இந்தக் கரையில் பெயர் மட்டும் இருக்கிறது.
கொஞ்சம் தண்ணீர் தாண்டினால்
அதே எழுத்து, தொட்டவுடன் திறக்கிறது:
என்னிடமும் இல்லாமல்
எட்டாமலும் போகாமல்
உன் கைக்குப் பக்கத்தில் இருப்பது.

லூர்தம்மாளுக்கு இப்போது
முழுக் கோப்பும் போகிறது, கனமாக.
மீன் இருக்கிறது என்று பதில் வருகிறது.

கச்சான் அடித்து
தென்கடல் ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்ட மத்தியானம்
தர்ஷிகா கேட்டாள்,
“உது ஏன் இன்னும் கிடக்குது?”

எது என்று நான் கேட்கவில்லை.